இடது பின்கதவு

அக். 21, செவ்வாய்

விடியும்போதே மழை. நேற்றைய பட்டாசுக் காகிதம் ஊறிச் சிவந்து தெருவோடு ஓடுகிறது. கல்லூரி லீவு. கடலூர் முதுநகரில் ஏழரை பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேர ஒன்பது.

ஜீப்பைப் பட்டறையில் விட்டாயிற்று. இந்த ஒரு வரி எழுத எட்டு மாதம்.

மார்ச்சிலிருந்து சிதம்பரத்தில் சித்தி வீட்டுப் பின்பக்கம் நின்றது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்று அண்ணன் சாவியைச் சித்தி கையில் வைத்துவிட்டு, அம்மாவின் உடம்போடு ஆம்புலன்ஸில் ஏறிக் கடலூர் வந்தான். பிறகு இதைப் பார்க்க வரவில்லை. வேறு எந்த வண்டியையும் ஓட்டவும் இல்லை.

சித்தியின் ஆடு அதன் அடியில்தான் குட்டி போட்டிருந்தது. "எடுத்துக்கினு போ தாயே. ஆட்டுக்கு வேற எடம் பாத்துக்கறேன். அது என் கண்ணுல படாம இருந்தாப் போதும்." பக்கத்து வீட்டு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். சக்கரம் முதலில் உருளவே இல்லை. பிறகு ஒரு முனகல், ஒரு குலுக்கல், புறப்பட்டது.

பட்டறை பைபாஸ் ஓரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. டிங்கர் பஷீர் பாய். ஐம்பத்தைந்து இருக்கும். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார். சின்னச் சுத்தியலை எடுத்து, கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். அவர் அதை அடிச்சட்டம் என்கிறார். டொக், டொக், டொக்.

"இரும்புன்னா கணீர்னு கேக்கணும்மா. இது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி கேக்குது. உங்க வீட்ல யாரு போட் வேலை?"

"அண்ணன். ஃபைபர் போட் ரிப்பேர்."

"அதான் பாத்தேன். இது ஜீப் இல்ல. சக்கரம் வச்ச போட்."

அவர் மச்சான் பின்னாலிருந்து, "வல எங்கன்னு கேளு" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

உள்ளேயிருந்து எடுத்தவை:
— ஆஸ்ப. ஃபைல், பூஞ்சை
— கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை
— ரெசின் பசை காய்ந்து கல்லான மக் ஒன்று
— தைலம்
— அரை பாட்டில் தண்ணீர்
— பின்சீட் இடுக்கில் கைக்குட்டை. அதற்குள் அம்மாவின் பல்செட்.

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தேன். பாய் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு. நவ. 2 கல்லறைத் திருநாளுக்குள் வண்டி ஓட வேண்டும். அண்ணன் அதில் வர வேண்டும். பாயிடம் முதலாவதை மட்டும் சொன்னேன்.


அக். 22, புதன்

மழை விடுமுறை பள்ளிகளுக்கு மட்டும். கல்லூரி நூலகத்தில் நானும் ஒழுகும் கூரையும். வரலாற்று அலமாரியைத் தார்பாய் போட்டு மூடினேன். ஒரு பையன் வந்து "குடை இருக்கா மேடம்" என்று கேட்டுவிட்டுப் போனான். வேறு யாரும் வரவில்லை.

அன்று நடந்ததை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வைத்தியம் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நடந்துவந்ததால் அங்கேயே போனோம். அண்ணன் ஓட்டினான். பின்சீட்டில் அம்மா, என் மடியில் தலை. வலது பின்கதவு முன்பே கெட்டு, கயிறு போட்டுக் கட்டியது. இடது பின்கதவு ஒன்றுதான் வழி. ஆஸ்பத்திரி வாசலில் அது திறக்கவில்லை. பிடியை இழுத்தான், உதைத்தான், கடப்பாறை வாங்கி நெம்பினான். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நின்றார்கள். "இதோம்மா, இதோம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஏழெட்டு நிமிடம். கதவு பெயர்ந்து வந்தது. பிறகு டாக்டர் பார்த்தார். முடிந்திருந்தது.

நான் அவனிடம் சொன்னேன்: "நீ ஒட்டின வண்டியாலதான் அம்மா செத்துச்சு."

சித்தி, சித்தப்பா, நர்ஸ் எல்லோரும் இருந்தார்கள்.

இரண்டு வருடம் முன்பு அடிச்சட்டத்தில் துரு விழுந்து ஓட்டை தெரிந்தபோது, போட்டுக்கு ஒட்டுகிற மாதிரி ஃபைபர் நார்த்துணியும் ரெசினும் வைத்து அவனே ஒட்டினான். மூன்று நாள் வேலை. தேய்த்து, பெயின்ட் அடித்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "புதுசு மாதிரி இருக்குடா" என்றாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தான். கடைசி வரிசையில் நின்று, நன்மை அப்பம் வாங்காமல் போய்விட்டான். மறுவாரம் அண்ணியை அழைத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் வாடகைக்குப் போனான். வீட்டில் நான் மட்டும். அவன் பேர் ஆரோக்கியம். அம்மா ஆரோ என்பாள். நான் அண்ணா. எட்டு மாதமாக அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லவில்லை.

மாலை அண்ணிக்குப் போன்.

"சாப்புடறாரா அண்ணி?"

"சாப்புடறாரு. வேலைக்கும் போறாரு. சைக்கிள்லதான். ரெசின் கேனைக் கேரியர்ல கட்டிக்கினு." குரலைத் தணித்தார். "ஜெசி, ஒண்ணு சொல்றேன் சிரிக்காத. வீட்ல உள்தாழ்ப்பாள் பூராத்தையும் கழட்டிட்டாரு. பாத்ரூமுக்குக்கூட இல்ல. குளிக்கச்சொல்ல நான் பாட்டுப் பாடிக்கினே இருக்கணும், ஆள் இருக்குதுன்னு தெரிய."

அவரே சிரித்தார். பிறகு நிறுத்தினார்.


அக். 23, வியாழன்

மழை. பட்டறையில் கால் மணி நேரம்.

பாய் இன்னும் வெட்டவில்லை. வண்டியைக் கட்டை மேல் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்திருக்கிறார். கதவுகளைக் கழற்றி, கதவு இருந்த வாய்களுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்திருக்கிறார். உள்ளே முட்டுக்கொடுத்த வீடு மாதிரி இருக்கிறது.

"எதுக்கு பாய்?"

"அடியில வெட்டினா மேல எறங்கிடும்மா. ஒரு விரல்கட எறங்கினாப் போதும், அப்பறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. கட்டு போட்டுட்டுத்தான் கத்தி வைக்கணும். அவசரக்காரன் எவனும் இந்த வேல செய்யக் கூடாது."

நடுக்கம்பத்தைக் காட்டினார். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கிற தூண். அது ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கிறதாம். அது இறங்கினதில் பின்கதவு நெரிந்து மாட்டியிருக்கும் என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே சொன்னார்.

"எப்ப எறங்கியிருக்கும்?"

"வெட்டினா தெரியும்."

திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள்: "அவ சொல்லிட்டாளாம், நீ வந்தா நான் வரமாட்டேன்னு." "அப்பறம்?" "அப்பறம் என்னா, ரெண்டு பேரும் வரல. சோறு பூரா வீணு."


அக். 24, வெள்ளி

அரை நாள் பர்மிஷன். பாய் தொழுகைக்குப் போவதற்குள் இடது பக்கம் வெட்டிவிடுவதாகச் சொன்னார். பார்க்க வேண்டும் என்று போனேன். போயிருக்கக் கூடாதோ.

கிரைண்டர் வைத்ததும் தீப்பொறியே வரவில்லை. வெள்ளைத் தூள். ரெசின் கருகும் நாற்றம். அண்ணன் சட்டையில் இருக்கும் அதே நாற்றம். இரண்டு அடி போனதும் கிரைண்டரை நிறுத்தினார். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. கறுப்பு. காப்பிக் கஷாயம் மாதிரி. முக்கால் பக்கெட்.

பிறகு ஒரு முழ நீளத்துக்கு வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். எடையே இல்லை. வெளியே ஃபைபர், மூன்று அடுக்கு, ஒரு குமிழி இல்லாமல், வழவழவென்று. உள்ளே இருக்க வேண்டிய இரும்பு இல்லை. துருப்பொடி மட்டும். முட்டை ஓடு போல அவன் ஒட்டினது மட்டும் நின்றிருக்கிறது.

"வேல சுத்தம்" என்றார் பாய். கிண்டல் இல்லை. "எங்க ஆளுங்க இவ்ளோ சுத்தமா செய்ய மாட்டாங்க. அதான் பிரச்சன."

துண்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் காட்டினார். வரிசையாக வட்டமான அடைப்புகள், சட்டைப் பொத்தான் அளவு.

"இது துரு ஓட்டை இல்லம்மா. கம்பெனிக்காரன் வச்ச ஓட்டை. கதவு வழியா எறங்கற தண்ணி இதுலதான் வடியணும். உங்க அண்ணன் ஒண்ணு விடாம அடச்சிட்டாரு."

எனக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். போட்டில் பிறந்தவன் அவன். அடியில் ஓட்டையைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. தேடித் தேடி, விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக மூடியிருப்பான். மூடி முடித்ததும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேலிருந்து இறங்கின மழை, வண்டியில் ஏற்றின மீன் கூடையின் உப்புத் தண்ணீர் எல்லாம் உள்ளேயே தேங்கி, இரண்டு வருடத்தில் இரும்பைத் தின்றிருக்கிறது. தின்றதும் நடுக்கம்பம் இறங்கியிருக்கிறது. கதவு மாட்டியிருக்கிறது.

அவன் வேலைக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை என்று பாய் சொல்வார், அதைக் கொண்டுபோய் அவனிடம் கொடுக்கலாம் என்று நம்பித்தான் இதையெல்லாம் ஆரம்பித்தேன். இப்போதுதான் தெரிகிறது.

"பாய், அண்ணன் எப்பயாவது வந்து கேட்டா, அவன் ஒட்டறதுக்கு முன்னாடியே போயிருந்துச்சுன்னு சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கெழம அன்னிக்கிப் பொய் கேக்கறீங்க."

"அவன் நல்லா இருக்கணும்."

"சரிம்மா" என்றார், கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு.


அக். 25, சனி

கை முழுக்க அரிப்பு. நேற்று அந்தத் துண்டைப் பிடித்ததால். ஃபைபர் நார் கண்ணுக்குத் தெரியாது, தோலில் ஏறினால் இரண்டு நாள். குளிர்ந்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் பட்டால் இன்னும் உள்ளே போகும். அம்மா சொல்வது.

அம்மா அவன் சட்டைகளை எங்கள் துணியோடு சேர்க்க மாட்டாள். தனி பக்கெட், தனிக் கொடி. ஒருமுறை நான் தெரியாமல் அவன் துண்டால் முகம் துடைத்து, இரண்டு நாள் தக்காளி மாதிரி வீங்கிக் கிடந்தேன். அவன் சிரித்துச் சிரித்து அடி வாங்கினான். அந்த பக்கெட் இன்னும் பின்னால் கவிழ்த்துக் கிடக்கிறது. அதில் யாரும் துவைப்பதில்லை. அண்ணி அங்கே எதில் துவைக்கிறார்?

பகலெல்லாம் புத்தகம் கையில், ஒரு பக்கம்கூட ஓடவில்லை. எத்தனையோ கதையில் படித்தாயிற்று, சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தால் வீடு பிரிவதை. படிக்கும்போதெல்லாம் அந்த ஆளைப் பிடித்து உலுக்கத் தோன்றும், சொல்லித் தொலையேன் என்று. 

சரி. எழுதுகிறேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. பல்செட் தொண்டையில் இறங்கிவிடும் என்று பயந்து நான்தான் கழற்றினேன். கைக்குட்டையில் சுற்றினேன். அப்போது அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. பு. முட்லூருக்கு முன்னால், ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த தண்ணீர் டேங்க் ஒன்று வரும். அங்கே அந்தக் கை விட்டது. கை தளர்வதும் கை விடுவதும் வேறு வேறு. எனக்குத் தெரிந்தது.

அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றான்.

"ஓட்டு" என்றேன்.

வெள்ளாற்றுப் பாலம் பூராவும் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். ஆஸ்பத்திரி வாசலில் கடப்பாறையோடு அவன் மல்லாடியபோது உள்ளே இருந்தது நானும், இருபது நிமிடம் முன்பே போய்விட்ட அம்மாவும். தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். அவன் "இதோம்மா" என்றது எனக்குத் தாங்கவில்லை. அதற்காக அந்த வாக்கியத்தைச் சொன்னேனா? தெரிந்தும் ஏன் சொன்னேன்? யாராவது காரணமாக இருக்க வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் அவன்தான் நின்றான். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பெட்டியில் வைக்கும்போது முகம் குழிந்திருந்தது. பல்செட் எங்கே என்று பெரியம்மா கேட்டாள். தெரியாது என்றேன். அண்ணன் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குப்பைக்கூடை வரை தேடிவிட்டு வந்தான்.

பாயிடம் கேட்ட பொய் அவனுக்கு இல்லை. எனக்கு.


அக். 27, திங்கள்

தூறல். நூலக ஸ்டாக் சரிபார்ப்பு, 4 புத்தகம் காணோம்.

கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்று. நேற்றுப் பூசையில் சாமியார் இறந்தவர்கள் பெயர்ப் பட்டியலுக்குக் கடைசி நாள் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அம்மா பெயரை அந்த வரிசையில் என் கையெழுத்தில் பார்க்க வேறு யாரோ எழுதின மாதிரி இருந்தது.

கல்லறையில் முதல் மெழுகுவர்த்தி மூத்த பிள்ளை ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு வருடா வருடம் அவன்தான் ஏற்றுவான். காற்றில் அணையாமல் இருக்க வெட்டின தகர டப்பா கொண்டுவருவான்.

பட்டறையில் புதுச் சட்டம் வளைத்து வந்துவிட்டது. தகடு நல்ல கனம். பாய் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வெல்டு வைக்கிறார். ஒரே இடத்தில் சூடு ஜாஸ்தியானால் தகடு கோணிவிடுமாம். ஒரு பொட்டு வைத்துவிட்டு மச்சானோடு சண்டை, அடுத்த பொட்டு. அவர்கள் சண்டை பிரியாணிக்கு எலுமிச்சை பிழியலாமா என்பது. மூன்றாம் நாளாக ஓடுகிறது.

பல்செட்டைக் கழுவி டம்ளரில் போட்டு, மாதா படத்தின் பின்னால் வைத்தேன். அம்மா இருந்தபோது அது இருந்த இடம்.


அக். 29, புதன்

மழை இல்லை. வெயில்கூட. லீவு போட்டுத் துறைமுகம் போனேன். பையில் கைக்குட்டை, பல்செட்டோடு.

கவிழ்த்த போட்டுக்கு அடியில் படுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் துணி கட்டி, இமை வெள்ளை. கூட வேலை செய்கிறவர், "யோவ் ஆரோ, தங்கச்சி வந்துருக்குது பாரு" என்றார். மிஷின் நின்றது. உடனே வெளியே வரவில்லை. காலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதம் வெடித்திருக்கிறது.

வந்து உட்கார்ந்தான். துணியை அவிழ்க்கவில்லை.

"என்னா?"

"சும்மா."

"சும்மா வர்ற எடமா இது? தூசு. தள்ளி நில்லு, அரிக்கும்."

"ஜீப்பை எடுத்துப் பட்டறையில விட்டுருக்கேன். அடிச்சட்டம் ரெண்டு பக்கமும் புதுசு."

கையில் இருந்த தேய்ப்புத்தாளைச் சுருட்டினான். "அதை வித்துடு."

"பாய் சனிக்கிழம கதவு மாட்றாரு. நீ வந்து பாத்தா…"

"எனக்குக் கதவைப் பத்தி என்னா தெரியும்" என்றான். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டம்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பைக்குள் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இரண்டு பேர் மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "நவுரு நவுரு" என்று கூடையோடு போனாள். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்."

"வருவியா?"

மறுபடி போட்டுக்கு அடியில் போய்விட்டான்.

கோழை. இது என்னைப் பற்றி.


அக். 31, வெள்ளி

அண்ணி போன், காலை. "என்னா ஜெசி சொன்ன அவர்கிட்ட? சிதம்பரம் பஸ் எத்தன மணிக்குன்னு கேக்கறாரு. பஸ்ஸு எப்பயும்தான் போவுதுன்னேன். மொறைக்கறாரு."

வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.


நவ. 1, சனி

மேகம். அரை நாள் கல்லூரி. ஒரு மணிக்குப் பட்டறை.

பாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஒரு ஆளு ஒரு மணி நேரமா எதிர் டீக்கடையில உக்காந்து நம்ம கூரையவே பாக்கறான். உங்க அண்ணனா, இல்ல இரும்பு தூக்க வந்தவனா?"

அண்ணன். நல்ல சட்டை போட்டிருந்தான். நான் போய்க் கூப்பிட்டேன். டீ கிளாஸைக் கழுவி வைப்பவன் போல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

வண்டி சிவப்பு ப்ரைமரில் நின்றது. குறுக்கே போட்ட ஆங்கிள்களை அறுத்து எடுத்துவிட்டார்கள். நாலு கதவும் மாட்டியாயிற்று. அவன் கதவுப் பக்கமே போகவில்லை.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "தம்பி, இது நீங்க ஒட்டறதுக்கு முன்னாடியே போயிருச்சு. உங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்று ஒப்பித்தார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலுக்குப் போனான். அவன் ஒட்டின துண்டை எடுத்தான். கவிழ்த்தான். சட்டை நுனியால் துடைத்தான். பொத்தான் அளவு அடைப்புகள் மேல் கட்டைவிரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனான்.

"இந்த ஓட்டை எதுக்கு பாய் இருந்துச்சு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன்.

"தண்ணி வடியறதுக்கு" என்றார் பாய்.

"நான் அடச்சேன்."

"ம்."

"போட்ல இப்படி ஓட்டை கெடந்தா ஆளே போயிடுவான் பாய்."

"வாஸ்தவம் தம்பி. இது போட் இல்ல."

துண்டைக் குவியலில் எறியவில்லை. சத்தமில்லாமல் வைத்தான். "புதுசுல ஓட்டை விட்டீங்களா?"

"பக்கத்துக்கு ஆறு."

"தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"எதுக்கு? நான் போட்ட ஓட்டை, தண்ணி போவும்."

"நாங்க தண்ணி ஊத்திப் பாக்காம எதையும் எறக்க மாட்டோம்" என்றான் அண்ணன். இந்த எட்டு மாதத்தில் இப்போதுதான் அவன் குரல் பழைய மாதிரி இருந்தது.

பாய் சிரித்து, பக்கெட்டையும் மக்கையும் காட்டிவிட்டு, மச்சானோடு தொழுகைக்குப் போனார்.

நல்ல சட்டையோடு அடியில் படுத்தான். நடுக்கம்பத்தின் உள்பக்கம் ஒரு துளை. அதன் வழியாக ஊற்றச் சொன்னான். ஊற்றினேன். தண்ணீர் சட்டத்துக்குள் ஓடுவது கேட்டது.

"வருதா?"

"வருது. ஊத்து."

அவன் முகம் தெரியவில்லை. கால் மட்டும். துறைமுகத்தில் பார்த்த அதே கால். முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அண்ணா."

"ஊத்து."

"அம்மா பல்லக் கழட்டினது நான்தான். புதுச்சத்திரம் தாண்டி. நம்ம வண்டியிலதான் இருந்துச்சு. நீ குப்பையில தேடின."

இன்னொரு மக் ஊற்றினேன்.

"மஞ்ச டேங்க் வரும்போது கைய விட்டுருச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நீ எப்படி இருக்குன்னு கேட்ட. நான் ஓட்டுன்னு சொன்னேன். கதவு மாட்டினதுக்கு ரொம்ப முன்னாடி. கதவால இல்ல."

மக்கைப் பக்கெட்டில் முக்கி எடுத்தேன்.

"மூணாவது அடச்சிருக்கு" என்றான். "கம்பி குடு."

கம்பியை நீட்டினேன். கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டது. நகத்தில் ரெசின். உள்ளே குத்திக் குடையும் சத்தம். ஒரு துண்டு வெல்டு கசடு தரையில் விழுந்தது.

"ஊத்து."

பக்கெட் காலியாகும்வரை ஊற்றினேன்.

"ஆறுலயும் வருது."

வெளியே வந்தான். முதுகு பூராவும் நனைந்து சிவப்பு. என்னைப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரியில சொன்னியே. தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

தலையை ஆட்டினான். "எட்டு மாசம் ஜெசி" என்றான். குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். தேய்த்துத் தேய்த்து, ரெசின் போகாது என்று தெரிந்தும் கழுவினான். பஸ்ஸுக்குத்தான் போகப்போகிறான் என்று நினைத்தேன். போயிருந்தால் நியாயம்.

பாய் வந்து சாவியை என்னிடம் நீட்டினார். அண்ணன் கை குறுக்கே வந்து அதை வாங்கியது.

"பின்னாடி உக்காரு" என்றான்.

இடது பின்கதவை நானே திறந்து ஏறினேன், நானே மூடினேன். அதே சீட். கைக்குட்டை மடியில். முதல் கியர் போடுவதற்கு இரண்டு முறை தடுமாறினான். பாயும் மச்சானும் ரோடு வரை வந்து நின்றார்கள்.

வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் கலங்கலாக, கரை தொட்டு. மழை பிடித்துக்கொண்டது. பு. முட்லூர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம்."

பின்னால் லாரி ஹாரன். ஓரமாக ஒதுங்கி ஊர்ந்தான்.

"இங்கயா?"

டேங்க் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்தது. மஞ்சள், மழையில் பாதி கறுத்து.

"இங்க."

நிறுத்தினான். இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து, இடது பின்கதவின் பிடியில் கை வைத்து அப்படியே நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று மழையில் கேட்கவில்லை. பிறகு இழுத்தான்.

ஒரே இழுப்பில் வந்தது. மழை உள்ளே அடித்தது. அவன் மூடவில்லை. நானும் இறங்கவில்லை.